என் லேப்டாப் சொன்ன பொய்!

"மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுடா" என்று யூனியன் செயலாளர் மூன்று நாளாக என் பின்னாலேயே அலைகிறார். கவிதை எனக்கு வராது. ஆகவே பைனல் இயர் புராஜெக்டில் நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்!

எனக்குச் சொந்த ஊர் தம்மம்பட்டி. மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். என் சித்தப்பாவும் சிற்பிதான். வாகைப் பலகையில் அவர் உளி வைத்தால் கொட்டாப்புளிச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். பூவையும் யாளியையும் சுற்றியுள்ள வெற்றிடத்தைக் குடைந்து எடுக்கவே அவருக்கு அரை நாள் போய்விடும். அந்த வேலைக்கு மட்டும் ஒரு சின்ன மெஷின். இதுதான் எங்கள் புராஜெக்ட். மூன்று ஸ்டெப்பர் மோட்டார், ஒரு ஆர்டுயினோ போர்டு. புரோகிராம் அடியேன்!

ஸ்டெப்பர் மோட்டாருக்கு ஒரு பல்ஸ் கொடுத்தால் ஒரு அடி நகரும். எங்கள் மோட்டார் 200 பல்ஸில் ஒரு சுற்று சுற்றும். பல்ஸ் ரொம்ப வேகமாக வந்தால் முனகுமே தவிர நகராது. இடைவெளிக்காக நான் வைத்தது வெறும் லூப். தொடங்கும்போது லூப்பைக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்து, ஒரு மில்லி செகண்டுக்கு எத்தனை சுற்று என்று புரோகிராமே கணக்குப் போட்டுக்கொள்ளும். காலேஜ் லேபில் பழைய டெஸ்க்டாப்பில் பிரமாதமாக ஓடியது.

லீவுக்கு மெஷினை ஊருக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தது அண்ணனின் லேப்டாப். "விண்டோஸ் மேல கை வச்சே, தொலைச்சுப்புடுவேன்" என்றான். எனவே வர்ச்சுவல் பாக்ஸ் போட்டு, அதற்குள் உபுண்டு.

சித்தப்பா அரைமனதாகத்தான் பலகையைக் கொடுத்தார். "கண்ணு, இதுல தாமரை முடிஞ்சிருக்குது. பாத்துக்க."

"நீங்க கவலையே படாதீங்க சித்தப்பா!"

முதல் விநாடி ஒழுங்காகப் போனது. அப்புறம் ஒரு அலறல். எடை அதிகமுள்ள அச்சு அப்படியே நின்றுவிட, மற்றது நகர, சுழன்றுகொண்டிருந்த பிட் தாமரை இதழைக் குறுக்கே கிழித்துவிட்டது. சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று இரவு தூக்கமேது? மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புரோகிராமை மட்டும் ஓட்டினேன். அதே பத்தாயிரம் பல்ஸ். ஒருமுறை 20 விநாடி, மறுமுறை 7 விநாடி! உபுண்டுவிடம் கேட்டால் எப்போதும் 2.5 கிகாஹெர்ட்ஸ் என்றே சாதித்தது. யதேச்சையாக விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சும்மா இருக்கும்போது 0.8, வேலை வந்ததும் 2.5. குட்டு உடைந்தது!

மின்செலவு பிராசஸரின் வேகத்தோடும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். அதனால் வேலை இல்லாதபோது இரண்டையும் இறக்கிவிடுவார்கள். இன்டெல் 2000-ல் ஸ்பீட்ஸ்டெப் என்ற பெயரில் லேப்டாப்புகளில் கொண்டுவந்தது இதைத்தான். ஏற்றி இறக்கும் அதிகாரம் விண்டோஸுக்கு. உள்ளே குடியிருக்கும் உபுண்டுவுக்கு வேகம் மாறியதே தெரியாது. பூட் ஆகும்போது தெரிந்த நம்பரையே ஒப்பிக்கிறது. என் புரோகிராம் கணக்குப் போட்டது லேப்டாப் தூங்கி வழிந்த நேரத்தில். பல்ஸ் அனுப்பியதோ அது முழித்த பிறகு. மூன்று மடங்கு வேகம்! மோட்டார் அலறாமல் என்ன செய்யும்?

முன்பெல்லாம் பிராசஸருக்குள் இருக்கும் கவுண்டரே வேகத்தோடு சேர்ந்து மாறுமாம். அதை நம்பிய வர்ச்சுவல் மெஷின்களில் கடிகாரமே தப்பு நேரம் காட்டியிருக்கிறது. இப்போதைய பிராசஸர்களில் கவுண்டர் ஒரே சீராக ஓடுகிறது. ஆகவே லூப்பை எண்ணுவதை விட்டு, கடிகாரத்தைப் பார்த்து பல்ஸ் அனுப்பினேன். முக்கால்வாசி சரியானது. ஆனால் விண்டோஸுக்கு வேறு வேலை வந்தால் வர்ச்சுவல் மெஷினைச் சில மில்லி செகண்ட் ஓரமாக உட்கார வைத்துவிடும். அந்த விக்கலுக்கு உள்ளிருந்து மருந்தே இல்லை.

கடைசியில் பல்ஸ் வேலையையே ஆர்டுயினோவிடம் ஒப்படைத்து, அதில் ஜிஆர்பிஎல் ஏற்றினேன். வெறும் 16 மெகாஹெர்ட்ஸ்; ஆனால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. லேப்டாப் எங்கே போகவேண்டும் என்று சொன்னால் போதும்.

நான்கு நாள் கழித்து சித்தப்பா ஒரு கழிவுப் பலகையை நீட்டினார். மெஷின் ஓடும்போது மோட்டார் மேல் கை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "இப்ப ஒரே தட்டா தட்டுது" என்றார்.

கிழிந்த இதழை அவர் மொட்டாகச் செதுக்கிவிட்டார். பார்த்தால் யாருக்கும் தெரியாது. பலகைக் காசு மட்டும் நான் இன்னும் கொடுக்கவில்லை.