காதுக்குப் போனவருக்கு இடுப்பளவு

அடி செல்வி,

போன்லயே சொல்லியிருப்பேன். அக்கா பக்கத்துலயே உட்கார்ந்திருக்கா, அவ காது நல்லாத்தான் இருக்கு. அதான் லெட்டர்.

அத்தானுக்கு வலது காது போயிடுச்சுடி. ராத்திரி படுக்கறப்ப நல்லா இருந்துச்சு. காலையில செல்லை வச்சா கம்முனு இருக்காம். செல்லுதான் ரிப்பேர்னு கடைக்குப் போய் ஸ்பீக்கரை மாத்திட்டு வந்திருக்கார் மனுஷன்! அப்புறம் பூண்டெண்ணெய், மெடிக்கல்ல குறும்பிக்குக் கொடுத்த சொட்டு மருந்துன்னு ஒன்பது நாள் ஓடிப்போச்சு.

காது டாக்டரம்மா இரும்புக் கவை ஒண்ணைத் தட்டி நெத்தி நடுவுல வச்சாங்க. குறும்பி அடைச்சிருந்தா அடைச்ச காதுலதான் சத்தம் தூக்கலா கேக்குமாம். இவருக்கு நல்ல காதுல கேட்டுச்சு. அப்போ கோளாறு உள்ள, நரம்புப் பக்கம். இதுக்கு ஸ்டீராய்டுதான் மருந்து, முதல் 2 வாரத்துக்குள்ள ஆரம்பிச்சிடணும்னாங்க.

அடுத்து என்ன பண்ணாங்க தெரியுமா? இஞ்ச் டேப்பை எடுத்து இடுப்பை அளந்தாங்க! அத்தான் முகத்தைப் பார்க்கணுமே. நம்ம ஊர் ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லையாம், இவருக்கு 104. இடுப்பு, சுகர், பிரஷர், ரத்தத்துல டிரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு, இந்த அஞ்சுல மூணு கெட்டாலே மெட்டபாலிக் சிண்ட்ரோமாம். அத்தானுக்கு நாலு.

காதுக்கும் தொப்பைக்கும் என்ன சம்பந்தம்னு அக்கா சண்டைக்கே போயிட்டா. உள்காது பட்டாணி அளவுல ஒரு நத்தைக்கூடு. அதுக்கு ரத்தம் போறது ஒரே ஒரு பொடி ரத்தக்குழாய் வழியா, மாத்து வழி கிடையாது. எங்க தெருக் கடைசி வீட்டுக் குழாய் மாதிரின்னு வச்சுக்கோயேன். மேல எங்க அடைச்சாலும் முதல்ல காயறது அதுதான். சுகரும் கொழுப்பும் வருஷக்கணக்கா அந்த மாதிரிக் குழாய்களைத்தான் கெடுக்குதாம். அதனால இப்படிப்பட்டவங்களுக்குப் போன காது திரும்பறது மத்தவங்களை விடக் குறைச்சல்னு பல ஆய்வுல பார்த்திருக்காங்க. டாக்டரம்மா வராதுன்னு சொல்லலை. ‘பார்ப்போம்’னாங்க. அந்தப் ‘பார்ப்போம்’ எனக்குப் பிடிக்கவே இல்லை.

கூத்து என்னன்னா, ஸ்டீராய்டு சுகரை ஏத்திவிடும். இவரோட மூணு மாச சுகர் சராசரியே 9.4. சுகர் மாத்திரை ஒழுங்காப் போடறேன்னு அத்தான் சாதிச்சார். அக்கா ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்தா, பிரிக்காத மாத்திரை அட்டை ஏழு, பக்கத்துல மைசூர்பாகு பொட்டலம்!

அதனால வாய்வழியா வேண்டாம்னு செவிப்பறை வழியா ஊசி. போட்டதும் அரைமணி நேரம் பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது, ஒருக்களிச்சே படுக்கணும். இருபத்தெட்டு வருஷத்துல இவர் வாயை மூடி நான் பார்த்தது இதுதான்னு அக்கா அழுதுகிட்டே சிரிச்சா.

நாலு ஊசி ஆச்சு. மோட்டார் சத்தம், பேரன் தொம்முனு குதிக்கறது கேக்குது. குக்கர் விசில் கேக்கலை. இப்போ அக்காவே மாத்திரையை அவர் கையில கொடுத்து, விழுங்கறவரைக்கும் எதிர்லயே நிக்கறா.

சின்னவ கல்யாண விஷயம் பேசணும்னா நாங்க அவரோட வலப்பக்கமாப் போய் உட்கார்ந்துக்கறோம். அந்த விஷயம் தனிக் கதை, அடுத்த லெட்டர்ல. அக்கா எட்டிப் பார்க்கறா.

உன்
கமலா