எத்தனால் மேல் போட்ட பழி

போன கோடை முழுக்க, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தேன்: "எத்தனால் கலந்த பெட்ரோல் என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைக் கெடுத்துவிட்டது." கேட்டவர்கள் நம்பினார்கள். 2023இல் சில பெட்ரோல் பங்க்குகளில் தொடங்கிச் சீக்கிரமே நாடெங்கும் பரவிய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் மீது பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஏற்கெனவே மனக்குறை உண்டு. என் பொய்க்கு அது நன்றாகவே கைகொடுத்தது. வண்டியைக் கெடுத்தது நான்தான். வண்டியோடு போயிருந்தால் பரவாயில்லை. இன்னொருவரின் பிழைப்பிலும் கை வைத்துவிட்டேன்.

ஹெரால்டு, இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த ட்ரயம்ப் கார். இங்கிலாந்தில் 1959இல் வந்தது. 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இங்கேயே அதைத் தயாரித்தது. 948 சிசி இன்ஜின், தனிச் சேஸி. அதன் பானெட் மூடி மட்டும் திறக்கிற ரகம் அல்ல. மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பக்கம் மொத்தமும் முன்னால் கவிழும். இன்ஜினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகளுக்கு அது வரம். நானோ, பழைய கார் அணிவகுப்புகளில் பானெட்டைக் கவிழ்த்து வைத்தால் எத்தனை பேர் நின்று பார்ப்பார்கள் என்று புதுப்பிக்க வண்டியைப் பிரித்த நாளிலிருந்தே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

டிக்கியில் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோல் பைப்பு சேஸியை ஒட்டி முன்னால் வரும். இன்ஜினின் ஒருபக்கத்தில் ஒட்டியிருக்கும் பம்ப்பில் சேரும். கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இருப்பது மறுபக்கத்தில். அதனால் பம்ப்பிலிருந்து கிளம்பும் பைப்பு இன்ஜினின் முகப்பைச் சுற்றிக்கொண்டு கார்புரேட்டருக்குப் போகும். பார்க்க அது ஒன்றும் லட்சணமாக இருக்காது. ஆனால் ஃபேன் காற்று படுகிற இடம். மேனிஃபோல்டின் அனலைக் கூடியவரை தவிர்க்கிற வழி.

பழைய இரும்பு பைப்பு உள்ளே துருப்பிடித்து அடைத்துப்போயிருந்தது. புதிதாகப் போட வேண்டியதுதான். நான் இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, இரும்புக்குப் பதில் செம்பு வாங்கினேன். பாலிஷ் போட்டால் மின்னும் என்பதைத் தவிர அதற்குக் காரணமே இல்லை. இரண்டாவது, முகப்பைச் சுற்றிய பைப்பு கண்ணை உறுத்துகிறது என்று அதை இன்ஜினுக்குப் பின்புறமாக, மேனிஃபோல்டுக்கு மேலாக ஒளித்துக் கொண்டுபோகும்படி மெக்கானிக்கிடம் சொன்னேன்.

அவர் என்னைவிட மூத்தவர். ஹெரால்டு தெருவில் ஓடிய காலத்திலேயே அதில் கை வைத்தவர். "சார், கம்பெனிக்காரன் போட்ட வழியிலயே போகட்டும். பின்னாடி காத்தே வராது, சூடு அப்படியே நிக்கும்" என்றார். சேஸி பைப்புக்கும் பம்ப்புக்கும் நடுவில் கொஞ்சம் ரப்பர் ஹோஸ் விட வேண்டும் என்றும் சொன்னார். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்து ஆடும், சேஸி ஆடாது. இரண்டையும் விறைப்பான பைப்பால் கட்டிப்போட்டால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். நான், "நான் சொல்ற மாதிரி வளைங்கண்ணே, பார்த்துக்கலாம்" என்றேன். கூலி கொடுக்கிறவன் நான். அவர் அதற்கு மேல் பேசவில்லை.

மே மாதம் ஜிஎஸ்டி சாலையில் வண்டி நின்றது. பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்கும். மேனிஃபோல்டுக்கு மேலே தொங்கிய பைப்பில் அந்தச் சூடு எம்மாத்திரம்! இரண்டு பிஎஸ்ஐ போல அழுத்தம் தருகிற பம்ப், கார்புரேட்டருக்குப் பெட்ரோலுக்குப் பதில் ஆவியைத் தள்ளிக்கொண்டிருந்தது. அம்பாசிடர் காலத்து வைத்தியப்படி பம்ப் மேல் ஈரத்துணி போட்டுவிட்டு நிழலில் நின்றேன். ஆறியதும் கிளம்பியது. அடுத்த சிக்னல் நெரிசலில் மறுபடி நின்றது. வேடிக்கை பார்த்தவர்களுக்கு எத்தனால் பற்றி வகுப்பே எடுத்தேன்.

சொன்னதில் பாதி உண்மை என்பதால்தான் அது நல்ல பொய்யாக இருந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் அரிக்கும். ஆனால் எத்தனால் என் பைப்பை மேனிஃபோல்டு மேல் கொண்டுபோய் வைக்கவில்லை.

செம்பும் தன் வேலையைக் காட்டியது. ஓயாத அதிர்வில் செம்பு இறுகி, கடைசியில் விரிசல் விடும். காருக்குள் பெட்ரோல் வாடை வர ஆரம்பித்தது. மனைவி கேட்டபோது, "பழைய வண்டின்னா இப்படித்தான் இருக்கும்" என்றேன். பின்சீட்டில் மகள் இருந்தாள். கசிகிற பெட்ரோலும் சூடான எக்ஸாஸ்ட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியாதவன் இல்லை நான். இறங்கிப் பார்த்தால் தப்பு யாருடையது என்று தெரிந்துவிடும். அதனால் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

இதற்கிடையே, பத்மினி கார் வைத்திருந்த ஒருவர் அதே மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். "நல்ல மனுஷன்தான், ஆனா பைப்பு வேலையில கொஞ்சம் சொதப்பிட்டார்" என்றேன். ஒரே ஒரு வாக்கியம். அவர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்.

கடைசியில் வாடை தாங்காமல் வண்டியை அந்த மெக்கானிக்கிடமே கொண்டுபோனேன். பம்ப் பக்கம் நட்டைக் கழற்றி, பைப்பு நுனியில் மயிரிழையாக ஓடிய விரிசலைக் காட்டினார். "நான் சொன்னேனே" என்ற பேச்சே வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது ஓடுவது இரும்பு பைப்பு, பழைய வழியிலேயே. பம்ப்புக்கு முன்னால் எத்தனால் தாங்குகிற ஹோஸ், ஒன்றரை அடிக்கு ஒரு கிளிப், இரும்புத் தகடு உரசும் இடத்தில் ரப்பர் வளையம். அதே எத்தனால் பெட்ரோலைத்தான் ஊற்றுகிறேன். வண்டி வெயிலில் நின்றுபோவதில்லை.

பத்மினிக்காரருக்குப் போன் போட்டு, அன்று சொன்னது பொய் என்று சொன்னேன். "அப்படியா" என்றார். அவர் வண்டி வேறு பட்டறையில் பாதி முடிந்திருந்தது. மெக்கானிக்கிடமும் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "லைன் சரியாயிடுச்சுல்ல, விடுங்க சார்" என்றார். லைன் சரியாகிவிட்டது. அவருக்கு வர வேண்டிய வேலை வரவில்லை, அதற்கு நான் ஈடு எதுவும் கொடுக்கவும் இல்லை.