பெருநாள் மடல்

ஹிஜ்ரி 1446ஆம் ஆண்டு ரமலானின் கடைசிப் பத்து. அஸர் தொழுது வீடு திரும்பினால் அடுக்களையிலிருந்து நோன்புக் கஞ்சியின் மணம் வரும். கூடத்துப் பாயிலிருந்து கத்தரிக்கோலின் ஓசை வரும். நோன்புக்கு வந்திருந்த என் மகளின் பிள்ளைகள் இருவர், ஒன்பது வயதுப் பேத்தியும் ஆறு வயதுப் பேரனும், வண்ணத்தாள்களைப் பரப்பிக்கொண்டு பெருநாள் வாழ்த்து அட்டைகள் செய்துகொண்டிருந்தனர்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் நான்தான். முந்திய பெருநாளன்று என் கைப்பேசிக்கு ஒரே பள்ளிவாசல் படம் பதினேழு பேரிடமிருந்து வந்து சேர்ந்தது. அவர்களில் எத்தனை பேர் என்னை நினைத்து அதை அனுப்பினர், எத்தனை பேர் விரல் நழுவி அனுப்பினர் என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டபோது, "அப்படியென்றால் நாமே செய்யலாமே, நன்னா" என்றாள் பேத்தி. குறை சொன்னவன் தப்ப முடியாது அல்லவா? கடைக்குப் போய்க் கெட்டி அட்டையும், கிளேஸ் தாளும், கொஞ்சம் ஜிகினாத்தாளும் வாங்கிவந்தேன். மற்றவை வீட்டிலேயே இருந்தன. வந்து சேர்ந்த கல்யாணப் பத்திரிகைகளை எறியாமல் வைத்திருக்கும் வழக்கம் என் மனைவிக்கு உண்டு. அவற்றின் பின்பக்க வெற்று அட்டை இவ்வேலைக்கு வெகு பொருத்தம்.

கார்டு, கார்டு என்று பிள்ளைகள் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டபோது, பாடம் நடத்திப் பழகிய நாக்கு சும்மா இருக்கவில்லை. திருக்குர்ஆனின் ஆறாம் அத்தியாயமான அல்அன்ஆமில், ஒருமையாக ஓரிடத்திலும் பன்மையாக மற்றோரிடத்திலும், 'கிர்தாஸ்' என்னும் சொல் வருகிறது. எழுதுவதற்குரிய தாள் என்பது அதன் பொருள். அச்சொல்லுக்கும் ஆங்கிலக் கார்டுக்கும் பழைய கிரேக்கச் சொல் ஒன்றே தாய். போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்து, நம் பாட்டிமார் நாவில் ஊறிப்போன 'கடுதாசி'யும் அந்தக் குடும்பத்துப் பிள்ளையே. அரபியில் 'வரக்' என்றால் இலை, தாளும் அதுவே. தமிழில் ஓலையும் மடலும் மரத்திலிருந்து இறங்கிக் கடிதமாயின. இவற்றையெல்லாம் சொல்லி முடித்து நிமிர்ந்தபோது பேரன் ஒரு தாளை நான்காகக் கிழித்து முடித்திருந்தான்.

எட்டுமுனை நட்சத்திரம் ஒன்றைச் செய்து காட்டினேன். குர்ஆன் பிரதிகளின் பக்கத்தில் ஹிஸ்பின் காற்பகுதியைக் குறிக்க அச்சிடும் அடையாளத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு சதுரத்தின் மேல் மற்றொரு சதுரத்தைத் திருப்பி வைத்த வடிவம் அது. இரு நிறத் தாள்களில் ஒரே அளவாக இரண்டு சதுரங்கள் வெட்டிக்கொள்ள வேண்டும். கீழே வைப்பதை நெடுக்கிலும் குறுக்கிலும் பாதியாக மடித்துப் பிரிக்க வேண்டும். மேலே வைப்பதை மூலைக்கு மூலை மடித்துப் பிரிக்க வேண்டும். பிறகு இதன் மடிப்புக் கோடுகள் அதன் மடிப்புக் கோடுகளின் மேல் படியுமாறு ஒட்டினால், கோணமானியும் வேண்டாம், கண்ணளவும் வேண்டாம். எட்டு முனைகளும் தாமாக அமையும். சதுரம் பிசகினால் மட்டும் நட்சத்திரம் பிசகும். என் சதுரம் பிசகியது. கத்தரிக்கோல் என் கைக்கு என்றும் வசப்பட்டதில்லை.

தாளுக்கும் மரத்தைப்போல நார் ஓட்டம் உண்டென்பதை அட்டை மடிக்கும்போதுதான் பிள்ளைகள் கண்டுகொண்டனர். நாரோடு மடித்தால் பணிந்து வரும். குறுக்கே மடித்தால் மடிப்பின் வெளிப்புறம் வெடிக்கும். மடிக்குமுன் அட்டையை இருபக்கமும் லேசாக வளைத்துப் பார்த்து, எப்பக்கம் எளிதில் வளைகிறதோ அப்பக்கமே மடிக்க வேண்டும். மடிப்பின் மேல் கரண்டியின் முதுகால் ஒருமுறை அழுத்தி இழுத்தால் கடையில் வாங்கியதுபோல் நிற்கும். பசைக்குச் சோற்றைக் குழைத்துக்கொண்டோம். நீர் மிகுந்துவிட்டதால் முதல் நான்கு அட்டைகள் அப்பளம்போல் சுருண்டன. கனமான நூல் ஒன்றின் அடியில் வைத்து உலர்த்தலாம் என்று சொல்லி அலமாரியைத் திறந்தேன். "கிதாபுகளைத் தொடாதீர்கள், அகராதியை எடுங்கள்" என்றாள் என் மனைவி. மதரஸாவில் ஏழாண்டு ஓதியவன் நான். அதபு அவளுக்கு மிகுதி.

எழுத்து வேலை மட்டும் என்னுடையது. மூங்கில் குச்சி ஒன்றைச் சாய்வாகச் சீவி, பேனாவின் முனையால் இடும் ஒரு புள்ளியே அளவுகோல் என்றும், அலிஃபின் உயரமும் மற்ற எழுத்துகளின் வளைவும் அப்புள்ளிகளின் கணக்கில் அமையும் என்றும் பேத்திக்குக் காட்டினேன். இம்முறையை வகுத்தவராகச் சொல்லப்படும் இப்னு முக்லா அப்பாஸிய ஆட்சியில் வஸீராக இருந்தவர். அரசியல் பகையில் சிறைப்பட்டு, எழுதிய வலக்கை வெட்டப்பட்டு, கி.பி. 940இல் மறைந்தார். கை வெட்டப்பட்டதைக் கேட்டதும் பேத்தி தன் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். அதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அட்டையின் தலைப்பில் பிஸ்மில்லாஹ் எழுதுமாறு பிள்ளைகள் கேட்டபோது மறுத்தேன். அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

நாங்கள் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள். என் அத்தா மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1979ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் ஆகஸ்டுக் கடைசியில் வந்தது. மலையில் மழைக்காலம், ஏலக்காய் எடுப்பு தொடங்கும் வேளை, கீழே வர இயலாது என்று எழுதிவிட்டார். எனக்குப் பதினொரு வயது, என் தம்பிக்கு எட்டு. இருவரும் சேர்ந்து அவருக்கு ஒரு வாழ்த்து அட்டை செய்தோம். வெட்டியவன் தம்பி. அம்மாவின் கண்ணாடி வளையலை வைத்து ஒரு வட்டம், அதைச் சற்றே நகர்த்தி மற்றொரு வட்டம், இடையே பிறை. அந்த வயதிலேயே அவன் கத்தரி கோட்டைவிட்டு மயிரிழையும் விலகாது. எழுதியவன் நான். தலைப்பில் பெரிதாக பிஸ்மில்லாஹ், கீழே வாழ்த்து. எங்கள் நன்னிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அரபுத் தமிழ்தான் எழுதுவார். அவரும் தம் மகனுக்கு ஒரு தாள் நிறைய எழுதி உள்ளே மடித்து வைத்தார். பெருநாள் வாழ்த்துகளை அக்காலத்தில் உறையை ஒட்டாமல் புக் போஸ்டில் குறைந்த தலையொட்டி அனுப்புவார்கள். நானும் அவ்வாறே அனுப்பினேன். அச்சிட்ட வாழ்த்துக்குத்தான் அச்சலுகை, கையால் எழுதிய கடிதம் உள்ளே இருந்தால் இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? குறைந்த தொகையைப்போல் இரு மடங்கு தண்டம் கட்டி அத்தா அதை வாங்கினார்.

எடுப்பு முடிந்து இறங்கிவந்தபோது, "வாழ்நாளில் நான் தண்டம் கட்டி வாங்கிய கடுதாசி இது ஒன்றுதான்" என்றார். எங்களுக்கு முகம் சுண்டிவிட்டது. பிறகு என்னைத் தனியே அழைத்து, "மழையில் நனைந்து வந்தது, தம்பி. அல்லாஹ்வின் பெயர் மசியாய் ஒழுகிக் கிடந்தது. எங்கே வைப்பது, எப்படிப் போடுவது என்று தவித்துப்போனேன். இனிமேல் வாழ்த்து அட்டையில் அதை எழுதாதே" என்றார். ஓதப் போன பிறகு மறுபக்கத்தையும் அறிந்தேன். சுலைமான் நபி (அலை) அவர்கள் ஸபா நாட்டு அரசிக்கு எழுதிய மடல் பிஸ்மில்லாஹ்வுடன் தொடங்கியது குர்ஆனிலேயே இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மன்னர்களுக்கு விடுத்த மடல்களும் அவ்வாறே. ஆகவே எழுதுவதில் குற்றமில்லை. ஆயினும் வாழ்த்து அட்டைகள் ஒரு வாரத்தில் குப்பைக்கும், பிறகு யாரோ ஒருவர் காலடிக்கும் போவதைக் கண்ட பின், அத்தாவின் சொல்லையே நான் எடுத்துக்கொண்டேன்.

2011இல் அத்தா மவுத்தான பிறகு அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தோம். பத்திரங்களுக்கு அடியில், மசி கலைந்த அந்தப் பிறை அட்டை இருந்தது. திருநாமம் இருந்ததால் எறியாமல் வைத்தாரா, பிள்ளைகள் செய்தது என்பதால் வைத்தாரா? தம்பியும் நானும் அதைக் கையில் வைத்துக்கொண்டு சேர்ந்து அழுதோம்.

இரண்டாண்டு கழித்து அதே பத்திரங்களால் பிரிந்தோம். பாகப்பிரிவினை. அம்மா, நாங்கள் இருவர், ஒரு தங்கை. ஃபராயிள் கணக்கு எனக்குக் கைப்பாடம். சொத்தை நாற்பது பங்காக்கி அம்மாவுக்கு 5, எங்களுக்குத் தலைக்கு 14, தங்கைக்கு 7 என்று எழுதினேன். அதில் ஒருவரும் குறை காண முடியாது. வீட்டோடு இருந்த தம்பி, தான் கூரை மாற்றிய செலவைப் பற்றிப் பேச்செடுத்தான். தையல் கடை வருமானத்தில் மிச்சம் பிடித்துச் செய்த செலவு அது. கேட்க வேண்டிய பேச்சுத்தான். நானோ ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், "பெற்றவர் இருந்த வீட்டுக்குக் கூலி கேட்கிறாயா?" என்று கேட்டுவிட்டேன். அவன் எழுந்து போனான். அச்செலவைப் பின்னர் அம்மா தம் பங்கிலிருந்து கொடுத்து முடித்தார்கள். நான் சொன்ன சொல்லை முடிக்க யாராலும் ஆகவில்லை. அம்மா போன பிறகு சொல்லிப் பார்க்கவும் ஆளில்லை.

இரண்டு தெரு தள்ளி அவன் வீடு. ஒரே பள்ளியில் வெவ்வேறு ஸஃப்பில் தொழுவோம். எதிர்ப்பட்டால் ஸலாம் உண்டு, பதில் உண்டு. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாளுக்கு மேல் வெறுத்து ஒதுங்குவது ஆகாது என்ற நபிமொழியை எத்தனையோ ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவருகிறேன். ஸலாம் நிற்கவில்லையே, ஆகவே அந்த எச்சரிக்கை நம்மைச் சேராது என்று எனக்கு நானே ஒரு ஃபத்வாவும் கொடுத்துக்கொண்டிருந்தேன். கற்றவனுக்குக் கிடைக்கும் வசதி இது.

இருபத்தேழாம் இரவுக்கு அடுத்த நாள், செய்து முடித்த அட்டைகளைப் பேத்தி வரிசையாக அடுக்கி யார் யாருக்கு என்று பெயர் கேட்டாள். சொல்லிக்கொண்டே வந்தேன். பதினோராவது அட்டை மிஞ்சியது. நான் வெட்டிய கோணல் நட்சத்திரம் ஒட்டியது. "இது சின்ன நன்னாவுக்கா?" என்றாள். கைப்பேசியில் வந்த படமாயிருந்தால் யாருக்கென்று கேட்க வேண்டியதில்லை. கையால் செய்த அட்டைக்கு உரியவர் ஒருவர் வேண்டியிருக்கிறது.

இரவு தராவீஹ் முடிந்து அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடிதம் எழுதும் முறையைப் பாடமாகச் சொல்லித் தருபவனுக்கு ஒரு வரி வரவில்லை. அழகான அரபு துஆ ஒன்றை எழுதலாம் என்று தோன்றியது. அது ஒளிந்துகொள்ளும் வழி. 'அன்புச் சகோதரருக்கு' என்று வேறொரு தாளில் எழுதிப் பார்த்தேன். மேடைப் பேச்சைப்போல் இருந்தது. ஸஹருக்கு எழுப்ப மனைவி வந்தபோதுதான் முடித்தேன்: "தம்பி, அன்று பெரியவர்கள் முன்னால் நான் சொன்னது தப்பு. பெருநாளைக்கு வீட்டுக்கு வா."

உறையின் மேல் முகவரி எழுதித் தபால் தலையைத் தேடினேன். "இரண்டு தெருவுக்குத் தலை ஒட்டுகிறீர்களா?" என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பேத்தி செருப்பை மாட்டிக்கொண்டு, அட்டையை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அவள் திரும்ப அரைமணி ஆயிற்று. கையில் ஒரு தூக்குச்சட்டி. அதில் வாடா, தம்பி மனைவி சுட்டது. "சின்ன நன்னா கடையை விட்டு எழுந்து வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்கள். இரண்டு முறை படித்தார்கள்" என்றாள்.

"ஏதாவது சொன்னாரா?"

"நட்சத்திரத்தைத் தடவிப் பார்த்தார்கள். 'இதை வெட்டியது உன் நன்னாதானே?' என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். 'இன்னும் கத்தரி பிடிக்கத் தெரியவில்லை. பெருநாள் தொழுகை முடிந்து வருகிறேன், கத்தரிக்கோலை எடுத்து வைக்கச் சொல், சாணை பிடிக்க வேண்டும்' என்றார்கள்."