சாவடிக்காரரின் கூலி

முதியோரைப் பேணுவதைத் தொழிலாகக் கொண்டு பொருளீட்டுதல் முறையாகுமா? கடந்த கோடையில் இவ்வினாவோடு நமது பங்கு இல்லத்தின் படியேறி வந்தார் அன்பர் ஒருவர். நாம் உதவிப் பங்குத் தந்தையாயிருந்த காலத்தில் பீடச் சிறுவராய்ப் பணி செய்தவர். இன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பொறியாளர். முதியோரின் வீட்டுக்கே ஆள் அனுப்பி, குளிப்பாட்டவும் உணவூட்டவும் பேச்சுத் துணையாயிருக்கவும் ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள் அங்கே பல. அத்தகைய ஒன்றின் பெயரில் தம் ஊரில் கிளை நடத்தும் உரிமையை, அதாவது பிரான்சைஸை, தம் சேமிப்பையெல்லாம் இட்டு வாங்க அவர் எண்ணியிருந்தார். இரு நிறுவனங்களின் ஆவணங்கள் அவர் கையிலிருந்தன. “இவற்றுள் எதைத் தெரிந்துகொள்வது, சுவாமி?” என்றார்.

முதல் வினாவுக்கு விடை எளிது. நல்ல சமாரியர் உவமையில், காயமுற்றவரைப் பேணுவதற்காகச் சாவடிக்காரர் இரண்டு தெனாரியம் பெற்றுக்கொண்டார். ஆண்டவர் அவரைக் குறை கூறவில்லை.

இரண்டாம் வினாவுக்காக மாலைதோறும் திண்ணையில் அமர்ந்து ஆவணங்களைப் படித்தோம். அந்நாட்டில் பிரான்சைஸ் விற்பனைக்கென மத்திய அரசின் விதி 1979 முதல் நடைமுறையில் உள்ளது. கையொப்பமிடுவதற்கும் பணம் கட்டுவதற்கும் 14 நாட்களுக்கு முன்பே, 23 தலைப்புகளில் நிறுவனம் தன் செய்திகளை எழுத்தில் தரவேண்டும். ஏழாம் தலைப்பு தொடக்க முதலீட்டைக் கூறும். ஆறாம் தலைப்பு தொடர்ந்து செலுத்தவேண்டிய கட்டணங்களைக் கூறும். ராயல்டி பெரும்பாலும் மொத்த வரவின்மேல் கணக்கிடப்படுவதால், நட்டமான மாதத்திலும் அதைச் செலுத்தியாக வேண்டும். எவ்வளவு ஈட்டலாம் என்பது பத்தொன்பதாம் தலைப்பு. அங்கே நிறுவனம் மௌனமாயிருக்கவும் விதி இடந்தருகிறது. மேலும், முதியோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேர் இத்தகைய நெடுநாள் பணிவிடைக்குப் பணம் தருவதில்லை. பல குடும்பங்கள் தம் கைப்பொருளையே செலவிடுகின்றன. அப்பொருள் தீர்ந்த வீட்டில் கிளை நடத்துபவர் என்ன செய்வார் என்று அவரைக் கேட்டோம். அவர் தலைகுனிந்திருந்தார்.

ஆயினும் நம் மனத்தை உறுத்திய கேள்விக்கு அந்த 23 தலைப்புகளிலும் இடமில்லை: பணிவிடை செய்யும் பெண்கள் எத்தனை நாள் நிலைக்கிறார்கள்?

இதைக் கேட்க நமக்குக் காரணம் உண்டு. நம் தாயார் படுக்கையில் கிடந்த இறுதி எட்டு மாதங்களும் நாம் தொலைவிலிருந்த பங்கில் பணியாற்றினோம். ஒரு முகவரின் வழியாய்க் கூலிக்கு ஆள் அமர்த்தினோம். எட்டு மாதத்தில் நான்கு பெண்கள் மாறினர். நாம் கொடுத்ததில் அவர்கள் கைக்குச் சென்றது எவ்வளவு என்று நாம் ஒருநாளும் விசாரித்ததில்லை. அறியாத கைகள் தம்மைத் தொட்டுத் தூக்கியபோதெல்லாம், “நீ யாரம்மா?” என்று தாயார் கேட்பாராம்.

இதை அன்பரிடம் கூறினோம். இருபதாம் தலைப்பின்கீழ், கிளை நடத்துவோர் பெயர்களோடு, முந்தைய ஆண்டில் விலகியோர் பெயர்களும் தொலைபேசி எண்களும் இருந்தன. நேர வேறுபாடு கருதி, இரவில் நம் திண்ணையிலிருந்தே அவர்களை அழைத்துப் பேசினார். பெயர்பெற்ற நிறுவனத்தை விட்டு விலகிய மூவர் ஒரே குறையைச் சொன்னார்கள்: ராயல்டியும் விளம்பரக் கட்டணமும் போக எஞ்சியதில் நல்ல ஊதியம் தர இயலவில்லை, ஆட்கள் நிற்கவில்லை. சிறிய நிறுவனத்தின் கிளையொன்றை நெடுநாள் நடத்திவரும் பெண்மணியோ, ஒவ்வொரு புதிய பணியாளரோடும் முதல்நாள் தாமே அவ்வீட்டுக்குச் செல்வதாகவும், பின்னர் மாதந்தோறும் சென்று பார்ப்பதாகவும் கூறினார்.

அன்பர் சிறியதையே தெரிந்துகொண்டார். இலாபம் வருமா என்பதை நாம் அறியோம். “சமாரியர் பணத்தோடு ஒரு வாக்கையும் கொடுத்தார். திரும்பி வருவேன் என்றார். அதை மறவாதீர்” என்று கூறி ஆசி வழங்கி அனுப்பினோம்.

தாயாரின் கண்களை மூடியவர் நான்காவதாக வந்த பெண். அவர் பெயரை நாம் கேட்டறியவில்லை. இன்றும் திருப்பலியில் அவரைப் பெயரின்றியே நினைவுகூருகிறோம்.