சுருவில் மனையும் யப்பானியக் கடதாசியும்

1990ஆம் ஆண்டில் போரினால் தீவகத்தை விட்டு நீங்கியோருட் சிலர் மீண்டு வந்து, ஊர்காவற்றுறையை அடுத்த சுருவிலிற் புதுமனை எழுப்பியுள்ளனர். அம்மனைச் சுவருக்கு யப்பானியக் கடதாசி பொருந்துமா?

முசுக்கட்டை இனத்ததாகிய ‘கோசோ’ மரத்தின் உட்பட்டையை அவித்து, நாராகத் தட்டி, நீரிற் கலந்து, மூங்கிற் சல்லடையில் வார்த்தெடுப்பது ‘வாஷி’ என்னும் அக்கடதாசி. நார் நீண்டிருத்தலால் எளிதிற் கிழியாது. 2014இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்கைவினையை மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

ஆயினும், உவர்க்காற்று வீசும் ஊரிலே சுவர் ஈரத்தையும் உப்பையும் கக்கும். ஒட்டிய கடதாசி உரிந்துவிடும். ஆகவே சுவருக்குச் சுண்ணாம்பே பூசுதல் நன்று. கடதாசியை மரச்சட்டத்திற் பொருத்தி நடுவறையில் மறைப்பாக நிறுத்துக. யப்பானியர் தம் இல்லத்துச் சறுக்குக் கதவுகளையும் மரச்சட்டத்திற் கடதாசி ஒட்டியே அமைப்பர்.

சட்டத்தைப் பெயர்த்துக் கையோடு கொண்டு செல்லவும் இயலும். அத்தேவை இனி நேராதிருப்பதாக!