துண்டுச் சீட்டு

பத்திரம் பதிவாகி, கைக்கு வந்து, மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் கும்பிட்டும் ஆயிற்று. அதற்கப்புறம்தான் அக்கா முந்தானை முடிச்சிலிருந்து அந்தத் துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள். காலண்டர் தாளின் பின்பக்கம். பத்திரம் எழுதியவர் கொடுத்த பில்!

"நீதான் கணக்கு எழுதறவனாச்சே. பாருடா."

மீஞ்சூரில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான். எனவே, உறவில் யார் எந்தச் சீட்டை வாங்கினாலும் கடைசியில் என்னிடம்தான் வரும்.

அக்கா வாங்கியது பழவேற்காட்டுப் பக்கம் ஒரு ஓட்டு வீடும் அது நிற்கிற மனையும். விலை 8 லட்சம். நண்டும் இறாலும் விற்று, சீட்டுப் பிடித்து, இரண்டு வளையலையும் விற்றுச் சேர்த்த பணம். எங்கள் பூர்வீகம் காட்டுப்பள்ளி. துறைமுகத்துக்காகக் குப்பத்தையே இடம் மாற்றிய ஊர் அது. முத்திரை குத்திய காகிதம் என்றாலே எங்களுக்கு ஒரு பயபக்தி. அந்தக் காகிதத்தை எழுதுகிற மனிதர் மேல் அதைவிட அதிகம்.

சீட்டில் இருந்தது இதுதான்: முத்திரை 56,000. பதிவுக் கட்டணம் 16,000. கம்ப்யூட்டர் 500. எழுத்துக் கூலி 6,000. ஆபீஸ் செலவு 4,000. பட்டா 5,000. இதர 2,500. ஆக மொத்தம் 91,000.

மறுபடி கூட்டிப் பாருங்கள். நான் மூன்று தடவை கூட்டினேன். 90,000-தான் வருகிறது!

ஆயிரம் ரூபாய் கூட்டல் பிழையை யாரும் மன்னிக்கலாம். எனக்கு இடித்தது அந்த 16,000. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், அது சரி. பதிவுக் கட்டணம்தான் நம் பழவேற்காட்டு முகத்துவாரம் மாதிரி. எப்போது அடைக்கும், எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. 2017-ல் 1 சதவீதமாக இருந்ததை 4 ஆக்கினார்கள். 2023-ல் 2 ஆக்கினார்கள். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் அதிலும் 1 சதவீதம் குறைவு. பத்திரம் அக்கா பெயரில், அவள் ஒருத்தி பெயரில். பதிந்தது அந்த ஏப்ரலுக்குப் பிறகு. அப்படியானால் 8,000 அல்லவா வரவேண்டும்?

இதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. கட்டணம் இப்போது ஆன்லைனில்தான் கட்டப்படுகிறது. கட்டியதற்கு ரசீது உண்டு. பதிவான பத்திரத்திலும் எவ்வளவு கட்டப்பட்டது என்று குறித்திருப்பார்கள். படம் போட்டுக் கும்பிடுகிறோமே தவிர, அதை யார் வாசிக்கிறோம்? அக்காவின் பத்திரத்தை வாசித்தேன். 8,000 என்றுதான் இருந்தது.

"போய்க் கேப்போம்" என்றேன்.

அக்கா தயங்கினாள். "அவரு தாத்தா காலத்துலேருந்து எழுதறவருடா. நாளைக்கு ஒரு வில்லங்கம்னா அவருகிட்டதானே போவணும்?"

நியாயம்தான். டாக்டரிடமும் பத்திரம் எழுதுகிறவரிடமும் கணக்குக் கேட்க நம் ஜனங்களுக்கு நாக்கு எழாது. ஆனால் இதே ஏரியில் பாடு முறையில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். அங்கே ஒரு நாள் பாடு தப்பினால் ஊரே கேட்கும். இங்கே 8,000 தப்பினால் கேட்க ஆளில்லை.

"சரி, அந்தக் காசை எதுக்கு வச்சிருந்தே?"

"கக்கூஸ் கட்ட."

அதற்கு மேல் அவள் தயங்கவில்லை.

பெரியவர் நல்ல மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். சீட்டையும் பத்திரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"பழைய ரேட்டு கைப்பழக்கத்துல வந்துடுச்சு தம்பி."

"இருக்கும் ஐயா. கட்டினது மட்டும் புது ரேட்டுல கட்டியிருக்கீங்க."

அவர் பதில் பேசவில்லை. கட்டண அட்டவணையைப் பதிவு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி, உள்ளூர் மொழியில் வைக்க வேண்டும் என்று 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டத்திலேயே, 79-வது பிரிவில், எழுதியிருக்கிறது. வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருக்கிறது, எங்கே கை நீளும் என்று! பத்திரம் எழுதுகிறவருக்கு உரிமம் தருவதும் பதிவுத்துறைதான். மாவட்டப் பதிவாளருக்குப் புகார் எழுதலாம். இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். சொல்லத் தேவைப்படவில்லை.

அடுத்து, பட்டா 5,000. உட்பிரிவு செய்யத் தேவையில்லாத முழு மனை என்றால், பதிவு முடிந்ததும் பட்டாவில் பெயர் தானாகவே மாறுகிற ஏற்பாடு வந்துவிட்டது. போனிலேயே பார்த்தேன், அக்கா பெயர் ஏறியிருந்தது. நடக்காத அலைச்சலுக்கு எதற்குக் கூலி?

"இதர 2,500?"

"போட்டோ, ஜெராக்ஸ், டீ, காபி..."

அதுவரை வாயே திறக்காத அக்கா, "அன்னிக்கு டீ வாங்கிக் குடுத்தது நானு" என்றாள்.

பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதில் ஓர் ஆயிரம் குறைந்தது.

'ஆபீஸ் செலவு' 4,000 தான் கடைசி. எந்த ஆபீஸ், யாருக்கு, எழுதித் தாருங்கள் என்றேன். குரலைத் தாழ்த்தி, "அதெல்லாம் எழுத முடியுமா தம்பி?" என்றார். பிறகு யோசித்து, அதையும் கூலியோடு சேர்த்து எழுத்துக் கூலி 10,000 என்று போட்டார். அக்கா சம்மதித்தாள். எனக்குச் சம்மதமில்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் வீடு அவளுடையது.

பதிவுக் கட்டணத்தில் 8,000, கூட்டலில் 1,000, பட்டாவில் 5,000, டீயில் 1,000. மொத்தம் 15,000 எண்ணி வைத்தார். அக்கா எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினாள். அதோடு விடவில்லை. "புதுசா ஒரு பில்லு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க ஐயா" என்றாள். நல்ல வெள்ளைத் தாளிலேயே எழுதிக் கொடுத்தார். பத்திரத்தோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறாள்.

போன மாதம் மச்சான் ஒருவர் மனை வாங்க அதே பெரியவரிடம் போனார். "எதுக்கு உங்க பேர்ல? வீட்டம்மா பேர்ல எழுதுங்க, ஒரு பர்சன்ட் மிச்சம்" என்று அவரே சொன்னாராம்.

மச்சான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.