ஒரே கணினியில் இரண்டு வாத்தியார்



என்னோடு ஒரே பள்ளியில் பணியாற்றிய டீச்சர் சென்ற வாரம் காலமானது உங்களில் பலருக்குத் தெரியும். படத்திறப்பு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவர் மகன் கேட்டார். மறுநாள் காலையில் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

இரவு கணினி முன் உட்கார்ந்தேன். 'அம்மா' என்று அடித்தால் நடுவில் 'க்' வந்து நிற்கிறது. சில இடங்களில் அடித்த எழுத்தே அழிந்துபோகிறது. பேரன்தான் எதையோ நோண்டிக் கெடுத்துவிட்டான் என்று அவனைத் திட்டிவிட்டேன். அழுதுகொண்டே படுக்கப் போனான்.

பிறகு, சென்னையில் கணினித் துறையில் இருக்கும் என் பழைய மாணவரைக் கூப்பிட்டேன். "சார், கீழே மணி காட்டுற இடத்துக்குப் பக்கத்துல பாருங்க. எத்தனை தமிழ் சாஃப்ட்வேர் ஓடுது?" என்றார். இரண்டு! ஒன்று நான் பழகிய தமிழ்99. இன்னொன்று, போன மாதம் யாரோ நன்றாக இருக்கிறது என்று சொன்னதைக் கேட்டு நானே ஏற்றிய ஒலிபெயர்ப்பு முறை. இரண்டையும் இயக்க ஒரே குறுக்குவிசை. 'கே' விசையைத் தட்டினால் தமிழ்99 அதை 'ம' என்கிறது. மற்றது 'க்' என்கிறது. தனித்தனியாக இரண்டும் சரி. சேர்ந்து ஓடினால்தான் வம்பு. புதியதை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினேன். சரியாகிவிட்டது.

ஆன்டிவைரஸும் இப்படித்தானாம். வேறொன்றைப் போட்டால், விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் பெரும்பாலும் தானாக ஒதுங்கிக்கொள்ளும் என்றார் அவர்.

அப்போதுதான் டீச்சரின் நினைவு வந்தது. 52-இல் 17 போனால் எவ்வளவு? நான் கடன் வாங்கச் சொல்லிக் கொடுத்தேன்: மேலே 5, 4 ஆகும். டீச்சர் வேறு முறை: மேலே 5 அப்படியே இருக்கும், கீழே 1, 2 ஆகும். எப்படிச் செய்தாலும் 35. ஒரு பையன் இரண்டையும் சேர்த்துச் செய்து 25 என்றான். நான் அவனை அடித்துவிட்டேன்.

டீச்சர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "சார், தப்பு அவன் மேல இல்ல. நாம ரெண்டு பேரும் பேசிக்கலை."

அன்றைக்கு ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவும் இல்லை. பிறகு, கழித்தலை அவர் முறையிலேயே நடத்துவது என்று முடிவு செய்தோம். ஆனால் அந்தப் பையனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மலருக்கு இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். காலையில் பேரனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல தாத்தா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான்.

அன்று 25 என்று சொன்ன மாணவர் இதைப் படித்தால், உங்களிடமும் கேட்கிறேன். மன்னித்துவிடுங்கள் அப்பா.

கணினியில் புதிதாக ஒன்றை ஏற்றுமுன், அதே வேலையைச் செய்வது ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்